போன் கம்பெனிக்காக மைத்துனனோடு பேச்சு நின்றுவிட்டது

கொலுசுக்காரன் | சனி, இரவு 9.12

வீட்டுச் சண்டையைப் பொதுவில் வைப்பதற்கு மன்னியுங்கள். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. போன் வாங்க வேண்டும். கையில் இருப்பது 25,000 ரூபாய். போன ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு வந்திருந்த மைத்துனன், "வாங்கினால் ஐபோன் வாங்குங்கள் மாமா, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை" என்று ஆரம்பித்தான். என் மகன் சாம்சங் கட்சி. "நீங்கள் காசு கொடுப்பது போனுக்கு இல்லை மாமா, கடித்த ஆப்பிள் படத்துக்கு" என்றான். அவன் ஒன்று சொல்ல, இவன் ஒன்று சொல்ல, ரசத்துக்கு வரும்போது சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். மைத்துனன் மோர் ஊற்றிக்கொள்ளாமலே கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டான். ஆறு நாளாகிறது. அவன் அக்கா கூப்பிட்டால் எடுக்கிறான், நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. அதுதான் குற்றமாம்.

இருவரிடமும் அந்தக் கம்பெனிகளின் பங்கு ஒன்றுகூடக் கிடையாது. அங்கே வேலையும் பார்க்கவில்லை.

எனக்குச் சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. நாங்கள் கம்பி இழுத்து, பற்றவைத்து, சலங்கை கோத்து, மெருகு போட்டு அனுப்புகிற கொலுசில் கடைக்காரரின் முத்திரை விழுகிறது. வாங்குகிறவர்களும் கடையின் பெயரைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். ஒரு முத்திரையை மக்கள் எப்படி நம்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் ஒரு கொலுசுக் கடைக்காகச் சொந்தத்துக்குள் பேச்சு நின்று நான் பார்த்ததில்லை. போனில் மட்டும் என்ன வந்தது?

மாம்பழக்கூடை | சனி, இரவு 9.20

மல்கோவாவா இமாம்பசந்தா என்று பந்தியிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்ட குடும்பத்தில் பெண் எடுத்தவன் நான். மாம்பழம் வருடத்தில் மூன்று மாதம்தான் என்பதால் பிழைத்தோம்.

திருப்புளி | சனி, இரவு 10.05

பழைய பேருந்து நிலையம் பக்கம் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பதினேழு வருடம். விசுவாசம் எல்லாம் பின்மூடிக்கு வெளியேதான் அண்ணா. மூடியைக் கழற்றினால் எது யார் கட்சி என்று சொல்ல முடியாது.

2017-இல் வந்த ஐபோன் எக்ஸின் திரையைச் செய்து கொடுத்தது சாம்சங். அதன் பிறகும் ஐபோன் திரைகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. கேமரா சென்சார் சோனியுடையது. சாம்சங்கும் ஆப்பிளும் 2011 முதல் நீதிமன்றத்தில் கட்டிப்புரண்ட கதையை உங்கள் மகனும் மைத்துனனும் படித்திருப்பார்கள். எங்கள் வடிவத்தைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று ஆப்பிள் வழக்குப் போட்டது. 2012-இல் அமெரிக்க ஜூரி ஏறத்தாழ 105 கோடி டாலர் இழப்பீடு என்றது. பிறகு தொகை ஏறி இறங்கி, 2018-இல் சமரசம் ஆனது. அத்தனை வருடமும் முன்வாசலில் வக்கீல் நோட்டீஸ் போனது, பின்வாசலில் சரக்கு வந்தது. வியாபாரம் ஒரு நாளும் நிற்கவில்லை. உங்கள் வீட்டில்தான் மோர் நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். போன மாதம் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் போன் இரண்டு வந்தன. ஒன்றில் திரை உடைந்திருந்தது, மற்றொன்றில் போர்டு செத்திருந்தது. இரண்டும் ஒரே வீட்டுப் போன்கள் என்பதால், செத்ததன் திரையை எடுத்து உடைந்ததில் பொருத்திக் கொடுத்தேன். இயக்கியதும் "இது அசல் பாகம்தானா என்று உறுதி செய்ய இயலவில்லை" என்று எச்சரிக்கை. அதே கம்பெனி செய்து, அதே கம்பெனி விற்ற திரை அது! எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இழை அந்தப் பக்கம் ஓடிவிடும்.

இருபதாவது_வளைவு | சனி, இரவு 10.48

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். பதிவு இரண்டு முறை வந்தால் சிக்னலைத் திட்டுங்கள், என்னை அல்ல.

ஒரு பெயரை நம்புவதை இத்தனை கேலி செய்ய வேண்டுமா? எங்கள் தாத்தா காலத்திலிருந்து காப்பிக்கொட்டையை ஒரே வியாபாரிக்குத்தான் கொடுக்கிறோம். ஒவ்வொரு வருடமும் பத்துப் பேரிடம் விலை கேட்டுக்கொண்டிருந்தால் கொட்டையை யார் உலர்த்துவது? நம்பிக்கை நேரத்தை மிச்சப்படுத்துகிறது. நான் பயன்படுத்தும் போனுக்கு ஐந்தாறு வருடம் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருகிறது. அதற்காகத்தான் அதே பெயரை மறுபடியும் வாங்குகிறேன். என்னை மந்தை என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

கம்பெனிகளுக்கு விசுவாசத்தால் பெரிய அதிகாரம் வந்துவிடுகிறது என்பதையும் நான் ஏற்கவில்லை. நோக்கியாவைவிட அதிகமாக நேசிக்கப்பட்ட போன் இந்த ஊரில் உண்டா? 2007-இல் உலகில் விற்ற போன்களில் பத்துக்கு நான்கு நோக்கியா. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் ஆலை தொடங்கினார்கள். 2013-இல் போன் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். வரித் தகராறு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி அதை மூடினார்கள். அத்தனை பாசமும் எங்கே போயிற்று? இன்னொரு நல்ல பொருள் வந்தது, மக்கள் போய்விட்டார்கள். சந்தை என்றால் அதுதானே.

ஓசூர்_பஸ் | சனி, இரவு 11.02

போனை வாங்கியவர்கள் போய்விட்டார்கள், சரி. செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. என் தங்கை ஓசூர் பக்கம் ஓர் ஆலையில் போன் உறைகளுக்கான வேலையில் இருக்கிறாள், விடுதியில் தங்கி. அவள் கையில் இருப்பது வேறு கம்பெனி போன். விலை குறைவு என்பதால்.

2024-இல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங்கின் வீட்டு உபயோகப் பொருள் ஆலையில் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அந்த 37 நாளில் 'சாம்சங் ரசிகர்கள்' என்று ஒரு கூட்டம் கேட்டுக்குப் போய் நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

அச்சுக்கோத்தவள் | ஞாயிறு, காலை 6.35

வளைவுத் தம்பிக்கு ஒரு பதில். நோக்கியாவை விட்டு ஏன் அவ்வளவு சுலபமாக வந்தோம் என்று யோசித்தீர்களா? விட்டு வர ஒன்றுமே இல்லை. எண்கள் எல்லாம் சிம் அட்டையில். சிம்மைக் கழற்றி அடுத்த போனில் போட்டால் முடிந்தது. படம் என்று பத்துப் பதினைந்து, அதுவும் தெளிவில்லாமல். பாசம் மலையளவு இருந்தது, பூட்டு இல்லை. அதனால் போய்விட்டோம்.

பாசம் துளியும் இல்லாமல் பூட்டு மட்டும் இருந்தால் என்ன ஆகும்? என் கதையைக் கேளுங்கள்.

1996-இலிருந்து குகைப் பகுதியில் அச்சக வேலை செய்தேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. ஈய எழுத்துக் கோத்துப் பழகிய கை கணினிக்கு வந்தபோது எல்லாக் கடையிலும் பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர் என்ற மென்பொருள்தான். 1985-இல் ஆல்டஸ் என்ற கம்பெனி கொண்டுவந்தது. 1994-இல் அந்தக் கம்பெனியையே அடோபி வாங்கிக்கொண்டது. 2001-இல் வந்த 7.0 பதிப்போடு கதை முடிந்தது. அடோபி இன்டிசைன் என்ற வேறு மென்பொருளுக்குப் போய்விட்டது, எங்களையும் வரச் சொன்னது.

எப்படிப் போவது? அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு விற்பனையாளரும் ஒரு குறியேற்றம் வைத்திருந்தார். ஒருவருக்கு 'க' இருக்கும் இடத்தில் இன்னொருவருக்கு 'லெ' இருக்கும். என் கோப்பைப் பக்கத்துக் கடையில் திறந்தால் பெண் வீட்டார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எறும்பு ஊர்ந்தது போல் இருக்கும். 1999-இல் தமிழக அரசு தாம், தாப் என்று தரம் வகுத்தது. 2010-இல் ஒருங்குறியையும் (யூனிகோட்) டேஸ்16 என்ற தமிழ்க் குறியேற்றத்தையும் ஏற்றது. தரம் வந்துவிட்டது, என் பழைய கோப்புகள் வரவில்லை. "எங்கள் பெரியவன் கல்யாணப் பத்திரிகை மாதிரியே சின்னவனுக்கும் வேண்டும்" என்று வருகிறவரிடம் குறியேற்றம் பற்றிப் பாடம் நடத்த முடியுமா? அதற்காகவே ஒரு கிழட்டுக் கணினியை விண்டோஸ் எக்ஸ்பியோடு உயிரோடு வைத்திருந்தேன். இணைய இணைப்புக் கிடையாது. வெள்ளிக்கிழமை பொட்டு உண்டு.

வெளியிலிருந்து பார்த்தால், இந்த அம்மாள் இருபது வருடமாக ஒரே மென்பொருளை விடவில்லை, என்ன விசுவாசம் என்று தோன்றும். எனக்கு அதன்மேல் வெறுப்புதான் இருந்தது. கம்பெனிக்காரர் கணக்கில் நானும் கொலுசுக்காரர் மைத்துனரும் ஒரே பத்தியில்தான் வருவோம்.

சொல்ல மறந்தேன்: அந்த ஒருங்குறியை நடத்தும் கூட்டமைப்பில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூவரும் உறுப்பினர்கள். எழுத்துக்கு எந்த எண் என்று ஒரே மேசையில் உட்கார்ந்துதான் முடிவு செய்கிறார்கள்.

கொலுசுக்காரன் | ஞாயிறு, காலை 7.10

அக்கா சொன்னதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. 2010 வரைக்கும் என்னிடம் ஒரே செல்போன் இணைப்புதான். பட்டறைக்குள் போனால் சிக்னல் போய்விடும். கட்டணமும் அதிகம். ஏன் மாற்றவில்லை? பில் புத்தகம், துணிப்பை, காலண்டர் எல்லாவற்றிலும் அந்த எண்ணை அச்சடித்து வைத்திருந்தேன். மும்பை வியாபாரிகள் கையில் இருந்ததும் அந்த எண்தான். 2011 ஜனவரி 20-இல் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம் என்று நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதமே போய்விட்டேன். அதற்குப் பிறகு இரண்டு முறை மாறியிருக்கிறேன். 'நீண்டகால வாடிக்கையாளரே' என்று எனக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மரவள்ளி | ஞாயிறு, காலை 9.30

செயலி எழுதிப் பிழைப்பவன். அப்பாவுக்கு ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை. இரண்டையும் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் ஒரு காலத்தில் இடைத்தரகர் வைத்ததே விலை என்று இருந்தார்கள். சரக்கை வைத்துக்கொண்டு காத்திருக்க இடமும் இல்லை, கடனும் கிடைக்காது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. சரக்கைச் சங்கக் கிடங்கில் வைக்கலாம், அதன்மேல் முன்பணம் வாங்கலாம், வியாபாரிகள் மூடிய டெண்டரில் விலை சொல்வார்கள். சங்கத்தின்மேல் குறை சொல்ல அப்பாவிடம் ஒரு நோட்டுப்புத்தகம் நிறைய இருக்கிறது. ஆனால் போக ஓர் இடம் இருந்தது.

செயலியை விற்க எனக்கு இருப்பது இரண்டு கடை. ஒன்று ஆப்பிளுடையது, ஒன்று கூகுளுடையது. செயலிக்குள் மின்பொருள் விற்றால் சிறிய செயலிக்காரர்களிடம் 15 சதவீதக் கமிஷன், மற்றவர்களிடம் 30 சதவீதம் என்ற முறையை ஆப்பிள் 2021 ஜனவரியில் கொண்டுவந்தது. அதே வருடம் ஜூலையில் கூகுளும் ஏறக்குறைய அதையே செய்தது. இவர்கள்தான் எதிரிகள்! 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1,337.76 கோடி ரூபாய், செயலிக் கடைக் கட்டண முறைக்காக 936.44 கோடி ரூபாய். இரண்டாவது தொகை 2025-இல் மேல்முறையீட்டில் 216.69 கோடியாகச் சுருங்கியது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகள் இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்குகிறார்கள். ஐபோனின் சஃபாரி உலாவியில் தேடினால் கூகுள் வருகிறதே, அது சும்மா வரவில்லை. 2022-இல் மட்டும் அதற்காகக் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். அமெரிக்க அரசு போட்ட வழக்கில் இந்தத் தொகை வெளியே வந்தது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமா? ஜியோவா ஏர்டெல்லா என்று ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் சாப்பிடும்போதுகூட வாக்குவாதம் நடக்கிறது. கூகுள் 2020-இல் ஜியோவில் 33,737 கோடி ரூபாய் போட்டது. 2022-இல் ஏர்டெல்லில் 100 கோடி டாலர் வரை போடுவதாக அறிவித்தது. 2025 மார்ச்சில் எலான் மஸ்கின் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையச் சேவைக்கு ஏர்டெல் ஒப்பந்தம் போட்ட மறுநாள் ஜியோவும் போட்டது. யார் ஜெயித்தாலும் தனக்கு நஷ்டமில்லாதபடி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நாம் எந்தப் பக்கம் கைதட்டினாலும் டிக்கெட் பணம் ஓர் இடத்துக்குத்தான் போகிறது.

இருபதாவது_வளைவு | ஞாயிறு, காலை 10.15

அதே ஜியோ 2016 செப்டம்பரில் வந்ததால்தான் எங்கள் எஸ்டேட் மேஸ்திரியின் மகன் வீடியோவில் பாடம் படித்தான். அதற்கு முன்பு ஒரு ஜிபி விலை என்ன என்பதை மறந்துவிட்டீர்களா? போட்டி நாடகம் என்றால் விலை ஏன் இறங்கியது?

மரவள்ளி | ஞாயிறு, காலை 10.31

மறக்கவில்லை. விலை இறங்கியது உண்மை. அப்போது இருந்த கம்பெனிகளை எண்ணிப் பாருங்கள். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. வோடபோனும் ஐடியாவும் அதே வருடம் ஒன்றாயின. இப்போது கட்டணம் ஏறினால் எல்லாரிடமும் சில நாள் இடைவெளியில் ஏறுகிறது. இறங்கும்போது போட்டி, ஏறும்போது ஒற்றுமை.

இருபதாவது_வளைவு | ஞாயிறு, காலை 10.40

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஜியோ வராமலே இருந்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது.

பெயரில்_என்ன | ஞாயிறு, காலை 11.05

[பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர் | ஞாயிறு, காலை 11.12

'அடிமை' என்ற சொல்லை யாருடைய போனைப் பார்த்தும் பயன்படுத்த வேண்டாம். கொலுசுக்காரர் வீட்டில் நடந்ததை இங்கே மறுபடி நடத்தத் தேவையில்லை.

செவிவழி | ஞாயிறு, மதியம் 12.20

அரசுப் பள்ளி ஆசிரியர், பார்வையற்றவன். இந்த இழையை என் போன் எனக்கு வாசித்துக் காட்டியது. 'கடித்த ஆப்பிள் படம்' என்பதை அது வாசித்த தொனியில் சிரித்துவிட்டேன்.

2009-இல் ஐபோன் 3ஜிஎஸ் திரைவாசிப்பானோடு வந்தது. பொத்தானே இல்லாத கண்ணாடிப் பலகையைப் பார்வையற்றவன் பயன்படுத்தலாம் என்பதே அன்றைக்கு நம்ப முடியாத சேதி. ஆண்ட்ராய்டிலும் அதே வருடம் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் வந்தது. நான் எதைப் பயன்படுத்துகிறேன் என்பது முக்கியமில்லை. எத்தனை விரலால் எங்கே தட்டினால் என்ன நடக்கும் என்பது என் கையில் ஊறியிருக்கிறது. மற்றதற்கு மாறினால் மூன்று மாதம் நான் தொடக்கப் பள்ளி மாணவன். யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. என் விரல்கள்தான் மாட்டேன் என்கின்றன. அக்கா சொன்ன 'பூட்டு' இதற்குப் பொருந்துமா என்று தெரியவில்லை.

அச்சுக்கோத்தவள் | ஞாயிறு, மதியம் 12.44

பொருந்தாது ஐயா. ஈய எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் 'ணை' இருக்கும் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். அது கைப்பழக்கம். அதற்கு யாரும் மாதாமாதம் கட்டணம் கேட்டதில்லை.

திருப்புளி | ஞாயிறு, மதியம் 1.15

பூட்டு எங்கே இருக்கிறது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் ஐபோனிலிருந்து செய்தி அனுப்பினால் அதன் குமிழி ஐபோனுக்கு நீலம், மற்றதற்குப் பச்சை, பிள்ளைகளிடையே அதுவே பெரிய கௌரவப் பிரச்சினை. 2024-இல்தான் ஆப்பிள் பொது முறையான ஆர்சிஎஸ்ஸுக்கு இறங்கி வந்தது. சேலத்தில் அந்தக் குமிழியின் நிறம் யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் வாட்ஸ்அப். நம்மிடம் உண்மையான பூட்டு அதுதான். 2014-இல் பேஸ்புக் அதை வாங்கியது. 2021-இல் புதிய தனியுரிமைக் கொள்கையை ஏற்கச் சொன்னபோது இந்த ஊரில் எத்தனை பேர் வெளியேறினோம்? வாட்ஸ்அப்புக்குப் பதிலாக சிக்னல் என்ற செய்திச் செயலியைப் போட்டுக் கொடுங்கள் என்று அந்த வாரம் கடைக்கு நாற்பது பேர் வந்தார்கள். தெருக் குழு, பள்ளிக் குழு, பால்காரர் கணக்கு எல்லாம் பழைய இடத்திலேயே இருந்ததால் பத்து நாளில் திரும்பிவிட்டார்கள். அந்தக் கொள்கைக்காகப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு (பேஸ்புக் கம்பெனியின் புதுப்பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

சார்ஜர் விஷயத்தையும் பாருங்கள். இரண்டு வகைக் கம்பி வைத்து முடியவில்லை என்று பத்து வருடம் புலம்பினோம். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது, 2023-இல் ஐபோன் 15-இல் எல்லாருக்கும் பொதுவான சி வகைத் துளை வந்துவிட்டது. ஐபோன் ரசிகர் யாரும் அதற்காக அழுது நான் பார்க்கவில்லை. "கம்பி ஒன்று கொடுங்கள்" என்று வந்து வாங்கிப் போனார்கள்.

கொலுசுக்காரர் அண்ணா, பாப்பாவுக்கு எந்த போன் வேண்டுமானாலும் வாங்குங்கள். படங்களையும் எண்களையும் மாதத்துக்கு ஒரு முறை வீட்டு வன்தட்டில் எடுத்து வைக்கப் பழக்குங்கள்.

மாம்பழக்கூடை | ஞாயிறு, மதியம் 1.22

மைத்துனர் இன்றைக்குக் கறிச்சோற்றுக்கு வந்தாரா?

கொலுசுக்காரன் | ஞாயிறு, மதியம் 2.05

இல்லை. அவன் அக்கா தூக்குவாளியில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். வாளி காலியாகத் திரும்பி வந்தது.

அம்மாபேட்டை_மைத்துனன் | ஞாயிறு, இரவு 8.50

வணக்கம். உறுப்பினராகி அரை மணி நேரம்தான் ஆகிறது. மாமா, நீங்கள் இப்படி ஊர் முழுக்க எழுதுவீர்கள் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு மோரைக் குடித்துவிட்டே போயிருப்பேன்.

முழுவதையும் படித்தேன். படத்துக்குக் காசு கொடுக்கிறேன் என்று மருமகன் சொன்னது ஏன் அவ்வளவு சுட்டது என்று அப்போது எனக்கே புரியவில்லை. இப்போது சொல்கிறேன். போன் மாதத்தவணையில் வாங்கியது. அதற்குப் பொருத்தமாக இருக்கும் என்று கடிகாரம் வாங்கினேன், அதுவும் தவணை. அந்தக் கடிகாரம் வேறு போனோடு சேராது. காதில் மாட்டுவதை இவள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தேன். சின்னவன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அவர்கள் மேகத்தில் இருக்கின்றன. இடம் நிறைந்துவிட்டது என்று மாதம் 75 ரூபாய் கட்டுகிறேன். கடைசித் தவணை ஐப்பசியில் முடிகிறது. அதுவரைக்கும் இதுதான் உலகத்திலேயே சிறந்த போன் என்று நான் சொல்லியாக வேண்டும் மாமா. வேறு என்ன சொல்வேன்?

மருமகன் போன் நன்றாகத்தான் இருக்கிறது. அவனிடம் சொல்ல வேண்டாம்.

திருப்புளி சார், அந்த மேகத்திலிருந்து படங்களை ஒரு வன்தட்டில் இறக்கித் தர முடியுமா? ஏழாயிரம் படம் இருக்கும். செவ்வாய்க்கிழமை வரட்டுமா?

திருப்புளி | ஞாயிறு, இரவு 9.03

செவ்வாய் கடை விடுமுறை. புதன் காலையில் வாருங்கள், ஏழாயிரம் படத்துக்கு நேரம் பிடிக்கும். கடவுச்சொல்லை எழுதி எடுத்து வாருங்கள், அங்கே வந்து யோசிக்காதீர்கள். கம்பி கொண்டுவர வேண்டாம், என்னிடம் இரண்டு வகையும் இருக்கிறது.